சத்துக் கூடின சோளம்: எங்கட சனம் வாங்குமோ, என்ன விலைக்கு வாங்கும்? (அடிக்கடி கேக்கிற கேள்விகள்)

நான் வன்னியில மாங்குளத்துக்குக் கிட்ட ஒரு சின்ன மில்லில நிக்கிறன், அரிசி, மிளகாய், குரக்கன், சோளம் எண்டு எல்லாம் அரைக்க வரும். போன காலபோகம் முடிய எங்கட மாதர் சங்கத்து ஆக்கள் சோளத்தில சத்துமா செய்து விப்பம் எண்டு வெளிக்கிட்டினம், அதோட "சத்துக் கூடின சோளம் எண்டு ஒண்டு இருக்காம், போனில பாத்தம், அதை விதைச்சா கூட விலைக்கு விக்கலாமோ" எண்டு கேள்விக்கு மேல கேள்வி. எங்கட மில்லுக்கு இப்ப வாறது சாதாரண மஞ்சள் சோளம்தான். ஆனா கேள்வி நல்ல கேள்வி, அதால எனக்குத் தெரிஞ்சதை ஒரே இடத்தில எழுதுறன்.

சோளம் எண்டு எதைச் சொல்லுறியள்?

பொத்தி வாற மக்காச்சோளம். எங்கட பழைய ஆக்கள் இறுங்கு எண்டு சொல்லுறது வேற, தமிழ்நாட்டில அதைத்தான் சோளம் எண்டுவினம், அதால அங்கத்தைய வீடியோவைப் பாத்திட்டு இங்க குழம்பாதேங்கோ.

சத்துக் கூடின சோளம் எண்டா என்ன? மாவுக்குள்ள மருந்து கலக்கினமோ?

இல்லை. மாவுக்குள்ள விற்றமின் கலக்கிறது வேற வேலை. இது பயிரிலயே, மணிக்குள்ளேயே சத்துக் கூடி வாற மாதிரி விதையைத் தேர்ந்து தேர்ந்து இனக்கலப்புச் செய்து எடுக்கிறது. முக்கியமா ரெண்டு வகை.

ஒண்டு புரதம் நல்ல சோளம். சாதாரண சோளத்திலயும் புரதம் இருக்கு, ஆனா அதில பெரும்பங்கு செயின் எண்ட ஒரு வகை, அதில லைசீன், டிரிப்டோபான் எண்ட ரெண்டு அமினோ அமிலமும் (புரதத்தைக் கட்டுற துண்டுகள்) சரியான குறைவு, பிள்ளையின்ர உடம்பு வளர அது ரெண்டும் வேணும். 1964இல அமெரிக்காவில பெர்டியூ பல்கலைக்கழகத்தில எட்வின் மெர்ட்ஸ், ஒலிவர் நெல்சன் ஆக்கள் ஒப்பேக்-2 எண்ட மரபணு உள்ள சோளத்தில இந்த ரெண்டும் ஏறத்தாழ ரெண்டு மடங்கு இருக்கெண்டு கண்டுபிடிச்சவை. உலகமே துள்ளினது. இந்தியாவில 1971இலயே சக்தி, ரத்தன், புரோட்டினா எண்டு மூண்டு இனம் வெளியில விட்டிட்டினம். ஆனா மணி சுண்ணாம்புக்கட்டி மாதிரி மெத்து மெத்தெண்டு இருந்தது, நிறை குறைவு, வண்டு கெதியா விழும், கமக்காரர் கைவிட்டிட்டினம். பேந்து மெக்சிக்கோவில இருக்கிற சிம்மிட் எண்ட ஆராய்ச்சி நிலையத்தில சுரிந்தர் வாசல் எண்ட இந்தியரும் எவஞ்சலினா வியேகாஸ் எண்ட அம்மாவும் கனகாலம் மினக்கெட்டு மணியைத் திருப்பியும் இறுக்கமா, சாதாரண சோளம் மாதிரியே கொண்டு வந்திச்சினம். 2000ஆம் ஆண்டு ரெண்டு பேருக்கும் உலக உணவுப் பரிசு கிடைச்சது. என்னைக் கேட்டா இந்தக் கதையிலயே எங்கட பாடம் முழுக்க இருக்கு: சத்து இருந்தும் மணி சரியில்லை எண்டு சனம் தூக்கிப் போட்டது.

மற்றது செம்மஞ்சள் சோளம். உடம்புக்குள்ள போய் விற்றமின் ஏ ஆக மாறுற கரோட்டின் கூடினது, நல்ல பழுத்த பூசணிக்காயின்ர நிறம். சாம்பியாவில 2012இல முதல் இனங்களை வெளியில விட்டவை. இந்தியாவில 2017இல வந்த பூசா விவேக் கியூ.பி.எம். 9 மேம்படுத்தினது எண்ட இனத்தில ரெண்டு குணமும் சேர்ந்திருக்கு.

மரபணு மாத்தினதோ?

நான் மேல சொன்ன இனங்கள் ஒண்டும் அப்பிடி இல்லை. மகரந்தம் மாத்தி மாத்தித் தேர்ந்தெடுத்தது.

கண்ணால பாத்துக் கண்டுபிடிக்கலாமோ?

செம்மஞ்சளைக் கண்டுபிடிக்கலாம். புரதச் சோளத்தைக் கண்டுபிடிக்கேலாது, மணியும் ஒண்டு, மாவும் ஒண்டு. இது சின்ன விசயம் இல்லை, விலையின்ர முழுச் சிக்கலும் இங்கதான் கிடக்கு. மீன் வாங்கேக்க செவுளைத் தூக்கிப் பாக்கிறியள், கத்தரிக்காயை அமத்திப் பாக்கிறியள், இதை எதைத் தூக்கிப் பாக்கிறது? விக்கிறவர் சொல்லுறதை நம்பித்தான் கூடக் காசு குடுக்கோணும். ஒருக்கா ஆரும் சாதாரண சோளத்தை சத்துச் சோளம் எண்டு சொல்லி வித்துப் பிடிபட்டா அதுக்குப் பிறகு அந்த ஊரில உண்மையான சாமானும் விலை போகாது.

ருசி எப்பிடி இருக்கும்?

முதல்ல நீங்கள் எதைச் சாப்பிடப் போறியள் எண்டு சொல்லுங்கோ. எங்கட சனத்துக்குச் சோளம் எண்டா ஏ9 றோட்டோரம் பெரிய பானையில அவிச்சு ஆவி பறக்கப் பறக்க உப்புத் தண்ணி தெளிச்சுத் தாற பொத்தி. அதில சனம் தேடுறது பால் பருவம், மெதுமை, இனிப்பு. காஞ்ச மணியை அரைச்சு மாவாக்கேக்க அந்த ருசி அளவுகோல் ஒண்டும் உதவாது. அங்க பாக்கிறது வேற: மா எவ்வளவு பட்டு, குழைக்கேக்க தண்ணி எவ்வளவு இழுக்குது, புட்டு உதிருமோ களியாகுமோ, ஆறினாப் பிறகு கல்லாகுமோ.

எங்கட மில்லில நடந்த ஒண்டைச் சொல்லுறன். ஒரு ஆச்சி, எழுபதைத் தாண்டினவ, அரைச்ச சோளமாவைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில வைச்சு உருட்டிப் பாத்திட்டு, ஒரு சிமிட்டை நாக்கில போட்டுக் கண்ணை மூடினா. "மோனை, ருசி பிழையில்லை, ஆனா மணல். இதில புட்டு அவிச்சா பல்லு இல்லாதவை என்ன செய்யிறது?" எண்டா. திருப்பி அரைச்சு, அரிதட்டில அரிச்சு, லேசா வறுத்துக் குடுத்தம், பாதிக்குப் பாதி அரிசிமா சேர்த்து நீத்துப்பெட்டியில அவிச்சா, அடுத்த நாள் தன்ர சகோதரியையும் கூட்டிக்கொண்டு வந்தா. சோளம் ரெண்டு தரமும் ஒண்டுதான், அரைச்ச விதம்தான் வேற. அதால "எங்கட ஆக்களுக்குச் சோளமா பிடிக்காது" எண்டு ஆரும் சொன்னா, எப்பிடி அரைச்சனீங்கள் எண்டு முதல்ல கேளுங்கோ.

இன்னொண்டு. சோளத்தின்ர முளைப்பகுதியில எண்ணெய் இருக்கு, முழு மணியா அரைச்ச மாவை வெப்பமான இடத்தில வைச்சா கொஞ்ச நாளில சிக்கு மணம் வந்து கைக்கத் தொடங்கும். கனபேர் "சோளமா கைக்கும்" எண்டு சொல்லுறது இந்தப் பழுதான மாவைத்தான். கரோட்டினுக்கும் வெளிச்சம், சூடு, காத்து மூண்டும் எதிரி, அதால செம்மஞ்சள் சோளத்தைக் கண்ணாடிப் போத்திலில கடை முன்னுக்கு வடிவா அடுக்கி வைக்கிறது அதின்ர சத்தைக் கொல்லுற வேலை. கொஞ்சம் கொஞ்சமா அரையுங்கோ, இருட்டில மூடி வையுங்கோ.

புரதச் சோளத்தின்ர ருசியைப் பத்தி தான்சானியாவில கிராமத்து வீடுகளில குடுத்துச் சமைச்சுப் பாக்க விட்ட ஒரு ஆய்வு இருக்கு, 2014இல வெளிவந்தது. அங்கத்தைய ஆக்கள் சாதாரணத்தை விட அதையே விரும்பி, கூட விலை குடுக்கவும் ஓம் எண்டினம். அவை சாப்பிட்டது தங்கட தடிச்ச களியில, எங்கட புட்டில இல்லை எண்டதையும் மறக்கக் கூடாது.

நிறத்துக்காக வேண்டாம் எண்டு சொல்லுவினமோ?

ஆபிரிக்காவில இதுதான் பெரிய பிரச்சினை. கிழக்கிலயும் தெற்கிலயும் சனம் வெள்ளைச் சோளம்தான் சாப்பிடும், மஞ்சள் எண்டா மாட்டுத் தீனி, இல்லாட்டி பஞ்ச காலத்தில கப்பலில வந்த நிவாரணம் எண்ட நினைவு. கனநாள் களஞ்சியத்தில கிடந்து மணம் மாறி வந்த சோளம் அது, நிறத்தில பிழை இல்லை, ஆனா நாக்கு நிறத்தைத்தான் ஞாபகம் வைச்சிருக்கு.

எங்கட பக்கம் எல்லாச் சோளமும் மஞ்சள்தான், அதால செம்மஞ்சள் நிறம் தடையா இருக்காது எண்டுதான் நான் நினைக்கிறன், பிள்ளையளுக்கு அந்த நிறம் நல்லாப் பிடிக்கும் வேற. ஆனா நிவாரண நினைவு எண்டது எங்களுக்கு ஆரும் சொல்லித் தரத் தேவையில்லை. வரிசையில நிண்டு மாவும் பருப்பும் வாங்கின சனம் நாங்கள். ஒரு கஞ்சியைக் குடிச்சாலே 2009 கண்ணுக்கு முன்னால வந்து நிக்கிற சனம், வைகாசியில அதையே காய்ச்சி நினைவா வாய்க்கு வைக்கிறம். அதால சத்துச் சோளத்தை "வறிய ஆக்களுக்கு உதவி" எண்டு எழுதின பையில போட்டு இறக்கினா, எவ்வளவு சத்து இருந்தாலும் அது நிவாரணம்தான், வாங்கி வைச்சுக் கோழிக்குப் போடுவினம். நல்ல சாமான் எண்டு, விலை போட்டு, கடையில வைச்சு வித்தாத்தான் அது சாப்பாடு. இதில நான் உறுதியா நிக்கிறன்.

சரி, கூட விலை குடுத்து வாங்குவினமோ?

மற்ற இடங்களில கண்டதைச் சொல்லுறன். நைரோபியில 600 பேரிட்டக் கேட்ட ஆய்வு ஒண்டு 2008இல வெளிவந்தது. மஞ்சள் சோளத்தை வாங்கிறதெண்டா வெள்ளையை விட சராசரி 37 சதவீதம் விலை குறையோணும் எண்டிச்சினம், அதே ஆக்கள் சத்துச் சேர்த்த மாவுக்கு 24 சதவீதம் கூடக் குடுப்பம் எண்டிச்சினம். வடிவா யோசிச்சுப் பாருங்கோ, சத்துக்குக் குடுக்க மனம் இருக்கு, ஆனா நிறம் பிடிக்காட்டி அதை விடப் பெரிய தொகையைக் கழிக்கினம். கானாவில செம்மஞ்சள் சோளத்தில கெங்கே எண்ட அவையின்ர புளிச்ச உருண்டை செய்து குடுத்தவை, சத்தைப் பத்தி ஒண்டும் சொல்லாட்டி விலை குறைச்சுத்தான் கேட்டவை, சொன்னாப் பிறகு விலை ஏறினது. சாம்பியாவில கிராமத்துச் சனம் செம்மஞ்சளையும் மாட்டுத்தீனி மஞ்சளையும் ஒண்டா நினைக்கேல்லை, வேற சாமானாத்தான் பாத்தவை, பிரச்சாரம் ஒண்டும் இல்லாமலே வெள்ளையோட போட்டி போடக்கூடியதா இருந்தது.

இந்தக் கணக்குகளை அப்பிடியே வன்னிக்குத் தூக்கிக்கொண்டு வரேலாது. அங்க சோளம் மூண்டு நேரச் சாப்பாடு, இங்க சோறு. அங்க சோளத்தின்ர விலை கூடினா குடும்பமே ஆடும், இங்க கூடினா சனம் வாங்காம விடும், அவ்வளவுதான். சத்துச் சோளமா எங்கட கடையில போட்டி போடப் போறது சாதாரண சோளமாவோட இல்லை, குரக்கன்மாவோடயும் கோதம்பமாவோடயும். குரக்கனுக்கு "சீனி வருத்தக்காரருக்கு நல்லது" எண்ட பேர் இருக்கு, அந்தப் பேருக்காக சனம் இப்பவே கூடக் காசு குடுக்குது. அப்ப சத்துக்குக் காசு குடுக்காத சனம் எண்டு எங்களைச் சொல்லேலாது, நம்பினாக் குடுக்கும்.

சனத்திட்ட "எவ்வளவு குடுப்பியள்" எண்டு நேர கேட்டாப் போதாதோ?

போதாது. வாயால கேட்டா வாயால குடுப்பினம். எங்கட சங்கத்தில ஒரு நாள் எங்கட சத்துமாவைப் பத்திச் சும்மா கேட்டுப் பாத்தம், எல்லாரும் "பிள்ளையளுக்கு நல்லதெண்டா அம்பது ரூபா கூட எண்டாலும் வாங்குவம் அக்கா" எண்டினம். பேந்து பைக்கற்றை மேசையில வைச்சு, அதே அம்பது ரூபாவைக் கூடப் போட்டம். கையெல்லாம் பேர்ஸ் வரைக்கும் போய் நிண்டிட்டு. ஒரு பிள்ளை பைக்கற்றை எடுத்து, நிறையைப் பாத்து, திருப்பி வைச்சிட்டு, மெதுவா "அடுத்த மாசம் வாங்கிறன்" எண்டாள். அவள் பொய் சொல்லேல்லை, கேட்ட நேரம் அவள் பிள்ளையை நினைச்சவள், குடுக்கிற நேரம் கரண்ட் பில்லை நினைச்சவள். அந்த முகம் எனக்கு இப்பவும் நிக்குது.

இதுக்கு ஒரு முறை இருக்கு, 1964இல பெக்கர், டிகுரூட், மார்ஷாக் எண்ட மூண்டு பேர் எழுதினது. ஊர்ப் பேச்சில சொன்னா இப்பிடி: வந்தவருக்குக் கொஞ்சக் காசு கையில குடுக்கிறது. மாவை ருசி பாக்க விட்டு, "இந்த ஒரு கிலோவுக்கு நீங்கள் குடுக்கக்கூடிய ஆகக்கூடின விலையைத் துண்டில எழுதுங்கோ" எண்டு கேக்கிறது. அவர் 220 எண்டு எழுதினார் எண்டு வைப்பம். பிறகு ஒரு பெட்டிக்குள்ள கைவிட்டு விலைச்சீட்டு ஒண்டு எடுக்கிறது. சீட்டில 190 வந்தா அவர் 190 குடுத்து வாங்கோணும், 250 வந்தா வாங்கேலாது. தான் எழுதின விலையை அவர் கட்டுறேல்லை, சீட்டில வந்த விலையைத்தான் கட்டுறார், அதால குறைச்சு எழுதி லாபம் பாக்கவும் ஏலாது, பெருமைக்குக் கூட்டி எழுதினா தனக்குப் பெறுமதி இல்லாத விலையில மாட்டுப்படுவார். மனசில இருக்கிறதை எழுதுறதுதான் அவருக்கு நல்லது. முதல்ல சவுக்காரம் மாதிரி வேற ஒரு சாமானில ஒருக்கா விளையாடிக் காட்டுங்கோ, இல்லாட்டி லொத்தர் எண்டு நினைப்பினம்.

ஒரு எச்சரிக்கை. கையில காசைக் குடுத்திட்டுக் கேட்டா, "தந்தவை, மரியாதைக்கு வாங்குவம்" எண்டு கூட்டி எழுதுற ஆக்களும் இருப்பினம், எங்கட சனம் விருந்தாளி மனசு. காசை முதல் நாளே குடுத்து, இது உங்கட கூலி, இதில ஒரு சதமும் எங்களுக்குத் திருப்பித் தரத் தேவையில்லை எண்டு விளங்கப்படுத்தோணும்.

சத்தைப் பத்தி ஆர் சொன்னா சனம் நம்பும்?

சாம்பியாவில றேடியோவில சொன்னதுக்கும் ஊர்ப் பெரியவை சொன்னதுக்கும் விலையில பெரிய வித்தியாசம் இல்லை, றேடியோ மலிவு எண்டதால அதுவே போதும் எண்டு ஆய்வு செய்தவை எழுதினவை. எங்கட பக்கம் நான் கண்டபடி கிளினிக்கில நிறை பாக்கிற குடும்பநல உத்தியோகத்தர், நாங்கள் மிஸ்ஸி எண்டு கூப்பிடுறவ, அவ ஒரு வசனம் சொன்னா அது பத்து நோட்டீசுக்குச் சமன். ஆனா அவவுக்கு உண்மையை மட்டும் குடுங்கோ. அவவின்ர வாயால கூட்டிச் சொல்ல வைக்கிறது பெரிய பிழை.

பேரும் வேலை செய்யும். கானாவில 1992இல வெளிவிட்ட புரதச் சோளத்துக்கு ஒபாட்டன்பா எண்டு பேர், பிள்ளைக்குப் பாலூட்டுற நல்ல தாய் எண்டு கருத்து. இலக்கம் போட்ட விதைப் பேரை விட அது சனத்துக்குக் கிட்ட.

அப்ப இது பிள்ளைக்குப் போதுமோ?

போதாது. சோளத்தை முக்கிய சாப்பாடா வைச்சிருக்கிற இடங்களில, கொஞ்சம் ஊட்டம் குறைஞ்ச சின்னப் பிள்ளையளுக்குப் புரதச் சோளம் குடுத்த ஆய்வுகளைச் சேர்த்துப் பாத்தவை, நிறை கூடுற வேகம் 12 சதவீதமும் உயரம் கூடுற வேகம் 9 சதவீதமும் கூடினதெண்டு 2010இல எழுதினவை. சோறும் பருப்பும் மீனும் சாப்பிடுற எங்கட பிள்ளைக்கு கிழமையில ரெண்டு நாள் சோளப் புட்டு அவ்வளவு செய்யாது. செம்மஞ்சள் சோளத்திலயும் சாம்பியாவில கண்டது கலப்பு: உடம்பில விற்றமின் ஏ சேமிப்புக் கூடினது, விற்றமின் குறைவான பிள்ளையளின்ர கண் இருட்டுக்குப் பழகிறதும் திருந்தினது, ஆனா இரத்தத்தில இருக்கிற அளவு பெரிசா மாறேல்லை. கரோட்டின் உடம்பில சேர எண்ணெய்ப்பசை வேணும், எங்கட புட்டில தேங்காய்ப்பூ போடுறது நல்லதுக்குத்தான். கிளினிக்கில தாற விற்றமினை இதுக்காக நிப்பாட்டிப் போடாதேங்கோ.

திரிபோசா இருக்கேக்க இது எதுக்கு?

கிளினிக்கில குடுக்கிற திரிபோசாச் சத்துமாவுக்கே சோளமும் சோயாவும்தான் அடிப்படை, கர்ப்பிணித் தாய்மாருக்கும் பிள்ளையளுக்கும் இலவசம், அதோட நாங்கள் போட்டி போடேல்லை. 2022இல அது தட்டுப்பாடான நேரம் சனம் பட்ட பாடு தெரியும்தானே. நல்ல சோளம் ஊரில விளைஞ்சு ஊரில அரைஞ்சா ஒரு பிடிமானம்.

நான் விதைக்கிறதெண்டா என்னத்தைக் கவனிக்கோணும்?

ஒப்பேக்-2 ஒடுங்கின குணம், அதாவது தாய் தகப்பன் ரெண்டு பக்கத்தாலயும் வந்தாத்தான் மணியில தெரியும். பக்கத்துக் காணிச் சாதாரண சோளத்தின்ர மகரந்தம் காத்தில வந்து விழுந்தா அந்த மணி சாதாரண மணி. அதால தூரத்தில போடோணும், இல்லாட்டி பூக்கிற காலம் மூண்டு நாலு கிழமை தள்ளிப் போற மாதிரி விதைக்கோணும். ஹைபிரிட் எண்டா விதைக்கு எடுத்து வைக்கேலாது, அடுத்த போகம் கலைஞ்சு போகும். மற்றப்படி 2018இல வந்த படைப்புழு, பண்டி, யானை, மயில் எல்லாத்துக்கும் சத்துச் சோளமும் ஒண்டுதான்.

காயவைக்கிறதுதான் எனக்குப் பெரிய பயம். காலபோகச் சோளம் முறிக்கேக்க சில வருசம் மழை விட்டிருக்காது. ஈரத்தோட சாக்கில கட்டினா பூஞ்சணம் வரும், அதில வாற அஃபிளடொக்சின் ஈரலைக் கெடுக்கிற நஞ்சு, அவிச்சாலும் வறுத்தாலும் போகாது. பல்லால கடிச்சா டக்கெண்டு உடையோணும், பல்லுப் பதிஞ்சா இன்னும் வெயில் வேணும். கறுத்த மணி, பச்சைப் பூஞ்சணம் பிடிச்ச மணியை சுளகில கொழிச்சு எடுத்து எறியுங்கோ, கோழிக்கும் போடாதேங்கோ. இப்பிடி வந்த ஒரு மூட்டையை நான் அரைக்க மாட்டன் எண்டு திருப்பி அனுப்பினன், அந்த அண்ணை இப்பவும் என்னோட கதைக்கிறேல்லை.

நாங்களே ருசி பாக்கிற நாள் ஒண்டு வைக்கலாமோ?

வையுங்கோ. ஒரே மில்லில, ஒரே அரிதட்டில, ஒரே அளவு தேங்காய்ப்பூவோட சாதாரணச் சோளப் புட்டும் சத்துச் சோளப் புட்டும் அவியுங்கோ. எது எது எண்டு பரிமாறுற ஆளுக்குத் தெரியக்கூடாது, தெரிஞ்சா முகம் காட்டிக் குடுத்திடும். பாதிப் பேருக்கு ஒண்டையும் மிச்சப் பேருக்கு மற்றதையும் முதல்ல குடுங்கோ, பசியில முதல் சாப்பிடுறது எப்பவும் ருசி. நடுவில பச்சைத்தண்ணி. சம்பல், மீன்குழம்பு வேண்டாம், உறைப்பு எல்லாத்தையும் மூடிப்போடும். மாமியாரும் மருமகளும் பக்கத்தில இருந்தா மருமகள் மாமியார் சொன்னதையே சொல்லுவாள், தனித்தனியா இருத்துங்கோ. ருசியையும் விலையையும் கேட்டாப் பிறகுதான் சத்தைச் சொல்லுங்கோ, பேந்து திருப்பி விலையைக் கேளுங்கோ, அந்த ரெண்டு விலைக்கும் இடையில இருக்கிற காசுதான் சத்துக்கு எங்கட சனம் வைக்கிற விலை. மிச்சப் புட்டை மூடி வைச்சுப் பின்னேரம் ஒருக்கா எடுத்துக் குடுங்கோ, பள்ளிக்கூடம் விட்டு வாற பிள்ளையள் சாப்பிடப் போறது அந்த ஆறின புட்டைத்தான்.